நிபியா சோதிக்காத பதிப்பு

உருகுவேயில் உள்ள கணினிகளில் பாதி, எங்கள் தெரு நிபியாவின் சமையலறையிலிருந்துதான் ஓடுகின்றன. பாதி என்பது கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஊரான துராஸ்னோவில் உட்கார்ந்து அவள் எழுதிய நிரலை முகம் தெரியாத எத்தனையோ பேர் இலவசமாக இறக்கிப் பயன்படுத்துவது பொய்யில்லை. தூரத்தில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு நடுவே, வெளியாள் எட்டிப் பார்க்க முடியாத சுரங்கப்பாதையை அது போட்டுக் கொடுக்கும். விபிஎன் என்பார்கள். முதலில் கணினியின் எல்லா வாசல்களையும் சாத்தும். பிறகு சுரங்கத்துக்கு மட்டும் ஒரு வாசலைத் திறக்கும்.

இயங்குதளத்தில் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அவள் கொழுந்தன் வால்தெமார் அதை ஒரு காலிக் கணினியில் ஏற்றி, நிரலை ஓட்டிப் பார்ப்பான். ஓடினால்தான் நிபியா அந்தப் பதிப்பின் எண்ணை நிரலில் சேர்த்து, பக்கத்தில் "சோதித்தது" என்று போடுவாள். அந்தச் சொல்லை நம்பித்தான் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார்கள்.

இந்த முறை வால்தெமார் கொல்லையில் கறி சுட்டுக்கொண்டிருந்தான். நிபியா ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"புது வெர்ஷன் என்னாச்சு?"

"தா," என்றான்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் குடும்பமே நடத்தலாம். சரி என்றாலும் தா, முடிந்தது என்றாலும் தா, காதில் விழுந்தது ஆளை விடு என்றாலும் தா. நிபியா 'முடிந்தது' என்று எடுத்துக்கொண்டாள். பதிப்பு எண்ணைச் சேர்த்தாள். "சோதித்தது" என்றும் போட்டாள்.

சனிக்கிழமை, செர்ரோ சாட்டோ என்ற ஊரில் சின்ன வானொலி நடத்தும் டெலியோ என்பவர் நிரலின் பொதுப் பக்கத்தில் எழுதினார். ஒலிபரப்புக் கணினி குன்றின் மேல் இருக்கிறது. அவர் பேசுவது வீட்டிலிருந்து, நிபியாவின் சுரங்கம் வழியாக. புதிய பதிப்புக்கு மாறி நிரலை ஓட்டியதும் குன்றுக் கணினி பூட்டிக்கொண்டதாம். மறுநாள் விடிகாலை நெடுந்தூரக் குதிரைப் பந்தயம்; இரண்டு கட்டம், நடுவே ஓய்வு. "என் பொண்ணு மைட்டே முதல்தடவையா குதிரை ஓட்டுறா. எங்கம்மா படுத்த படுக்கை. ரேடியோவுலதான் கேக்கணும்."

நிபியா எல்லோரும் பார்க்கப் பதில் போட்டாள்: "குறிப்பை முழுசாப் படிச்சீங்களா?"

நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை ஒட்டினார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

"மறுபடியும் படிச்சுட்டேம்மா. அப்படியேதான் இருக்கு," என்று டெலியோ எழுதியதை அவள் பார்த்தது ஞாயிறு காலையில், மாத்தே டீ குடித்துக்கொண்டிருந்தபோது. ஏதோ உறுத்தியது. வால்தெமாரைக் கூப்பிட்டாள்.

"நீ ஓட்டினப்போ பூட்டிக்கலையே?"

"நான் எங்க அண்ணி ஓட்டினேன்? இன்னும் ஏத்தவே இல்லையே."

"'தா'ன்னு சொன்னியே."

"காதுல விழுந்துச்சுன்னு சொன்னேன். கையில கறி இருந்துச்சு."

அவளே ஓட்டிப் பார்த்தாள். புதிய பதிப்பில் நெட்வொர்க் கார்டுக்குப் பெயர் மாறியிருந்தது. நிரல் எல்லா வாசல்களையும் சாத்திவிட்டு, பழைய பெயரில், இப்போது இல்லவே இல்லாத வாசல் ஒன்றைத் திறந்துவிட்டு, வேலை முடிந்தது என்று பெருமையாகச் சொன்னது. நிபியாவுக்குக் காது மடல் சுட்டது.

டெலியோவுக்குப் போன் போட்டாள். அவர் கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குன்றேறினார்.

"கார்டு பேரு என்ன போட்டிருக்கு, படிங்க."

"ஈ... என்... அடுத்தது பி-யா டி-யான்னு கண்ணாடி இல்லாமத் தெரியலையே."

"மெதுவாப் பாருங்க. அந்தப் பேரைப் போட்டாத்தான் வாசல் திறக்கும்."

"சோதிச்சதுன்னு போட்டிருந்தீங்களேம்மா?"

"போட்டிருந்தேன்."

"அதான். நான்தான் ஏதோ கெடுத்துட்டேன்னு நெனச்சு எங்கம்மாகிட்ட மன்னிப்புகூடக் கேட்டுட்டேன்."

"தப்பு என்னுதுங்க," என்றாள் நிபியா, தனக்கே கேட்காத குரலில். பிறகு பொதுப் பக்கத்திலும் அதையே எழுதினாள். மேலே இருந்த சிரிப்புப் பொம்மைகள் மற்றவர்கள் ஒட்டியவை. அவற்றை அவளால் எடுக்க முடியவில்லை.

குன்றிலிருந்து வானொலி பேசியதும், படுக்கையில் கிடந்த கிழவி துள்ளி உட்கார்ந்து, பேத்தியின் பெயரைக் கேட்டுத் தட்டிய கைத்தட்டல் துராஸ்னோ வரை கேட்டது. இப்படி எழுதி, பக்கத்தில் இருந்த நிபியாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"தட்டல," என்றாள். "ரேடியோ வந்தப்போ முதல் கட்டம் முடிஞ்சு குதிரைங்க ஓய்வுல நின்னுச்சு. மைட்டே குதிரைக்கு நாடி சரியில்லன்னு குதிரை டாக்டர் அங்கேயே நிறுத்திட்டாரு. அவ ஓட்டினதே அந்த முதல் கட்டம்தான். அந்தம்மா சாயங்காலம் வரைக்கும் ரேடியோவை அணைக்க விடலையாம். பேத்தி பேரு வரவே இல்ல. அப்படியே எழுதுங்க."