அண்ணனுக்கு எடுத்த சட்டைகள்

அண்ணன் வீட்டை விட்டுப் போனபோது நான் இரண்டாம் வகுப்பு. பிளஸ் டூவில் கணக்கில் தவறிவிட்டான் என்று அப்பா அவனை மந்தைவெளி ரயில் ஸ்டேஷன் வாசலில், நாலு பேர் பார்க்க அறைந்தார். மறுநாள் காலை அவன் இல்லை. ஒரு மாதம் கழித்து யாருடைய போனிலிருந்தோ பேசினான். திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, தேட வேண்டாம் என்றான். விலாசம் சொல்லவில்லை.

அம்மாவுக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அங்கேயே அண்ணனுக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று எடுத்து வந்தாள். முப்பத்தாறு சைஸ். அவன் வரவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பச்சையில், முப்பத்தெட்டு சைஸ் எடுத்தாள். முதல் சட்டை இந்நேரம் சின்னதாகியிருக்கும் என்று, குண்டூசிகூட எடுக்காத அதைத் தன் விடுமுறை நாளான புதன்கிழமை வெட்டி, எனக்குக் கவுன் தைக்க உட்கார்ந்தாள்.

ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையிலிருந்து திரும்பிய அப்பா, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எந்த சைஸ்ல வருவான்னு உனக்கு இன்னா தெரியும்?"

"வளர்ற புள்ள. அப்டியேவா இருப்பான்?" என்றாள் அம்மா, மெஷினை மிதிப்பதை நிறுத்தாமல்.

அண்ணனைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

காலரைப் பிரித்து, கையைக் குறுக்கி, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கவுன். மார்பில் சட்டைப்பை அப்படியே இருந்தது. எங்கள் தெருவில் வேறு யாருக்கும் அப்படி ஒரு கவுன் இல்லை. மறு வருஷம் மெரூன் நிறத்தில் நாற்பது சைஸ் வந்தது. பச்சைச் சட்டை எனக்குப் பாவாடையானது.

பெசன்ட் நகர் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிய அம்மா, "அண்ணன் வரணும்னு வேண்டிக்கோ" என்றாள். நான் கண்ணை மூடி, அடுத்த கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு அந்த மெரூன் சட்டை மேல் கண்.

மாதா கேட்கவில்லை. மே மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் அண்ணன் வாசலில் வந்து நின்றான். அம்மா அழவுமில்லை, திட்டவுமில்லை. சோறு போட்டாள். குளித்து வந்தவனிடம் மெரூன் சட்டையைக் கொடுத்தாள். அது அவன் உடம்பில் தொங்கியது. தோள் தையல் தோளை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. அம்மா டேப்பை எடுத்து அவன் மார்பை அளந்தாள். முப்பத்தாறு என்று பார்த்துவிட்டு, மறுபடியும் அளந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் நீலக் கட்டம் போட்ட கவுனில் நின்றிருந்தேன்.

"நல்லா கீதே. யாரு தச்சது?" என்றான் அண்ணன் என்னிடம்.

திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று நான் பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மா கேட்கவில்லை.

"கழட்டிக் குடு, புடிச்சித் தரேன்" என்றாள் அவனிடம்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்மா. இன்னிக்கு ஒரு நாள்தானே உனக்கு லீவு."

"குடுடா."

சாயங்காலம் அப்பா வந்தார். அளவாகச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தவனைக் கண்டதும், கையில் டிபன் பையோடு நிலைப்படியிலேயே நின்றார். "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவன் தலையாட்டினான்.

மெஷினுக்கு அடியில், சட்டையின் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்த துணி நீளமாகக் கிடந்தது. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். எடுத்துப்போய் அம்மாவிடம் நீட்டி, எனக்கா என்று கேட்டேன். அவள் அதையே வெகுநேரம் பார்த்தாள். தரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"வச்சிக்கோ" என்றாள்.

ரெட்டைச் சடைக்கு ரெண்டு ரிப்பன். கட்டிக்கொண்டு ஓடிப்போய் அண்ணனிடம் காட்டினேன்.