சுவரைப் பார்த்துக் கேட்ட தமிழ்

பாவூர்சத்திரத்து டீக்கடை ரேடியோவில் மொழிப்பாடம் ஓடியது. "கேட்டுத் திரும்பச் சொல்லுங்கள்" என்றது குரல். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

என் சின்ன வயதில், குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் பங்களாவில் அம்மா பாத்திரம் தேய்த்தாள். முன்ஷி வாத்தியார் சொல்லிக்கொடுத்த ஏட்டுத் தமிழ் துரைசானிக்குக் கடைத்தெருவில் உதவவில்லை. அதனால் மத்தியானங்களில் அம்மாவைப் பேசச் சொன்னாள். உதட்டைப் பார்க்காமல் காதால் மட்டும் பிடிக்க வேண்டுமென்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.

"நான் என்னத்தப் பேச, தொரசானி?"

"உன் மகளோடு உரையாடுவதையே கூறு."

அம்மா என்னைப் பார்த்து ஏசினாள். "ஏட்டி, எங்கன போய்த் தொலஞ்ச? கஞ்சி ஆறுதுல்லா!"

துரைசானி திருப்பிச் சொன்னாள்.

"இன்னும் இழுக்கணும் தொரசானி. இப்படிச் சொன்னா இவ வரமாட்டா" என்று அம்மா சிரித்தாள்.

அந்த வருஷத்துச் சாரல் காலத்திலேயே அம்மா வாந்திபேதியில் போய்விட்டாள். நாலாம் நாள் அவள் வேலைக்கு நான் போனேன். அழுகை வரவில்லை. கரி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, கஞ்சி ஆறுதுல்லா!"

அம்மாவின் அதே இழுப்பு. திரும்பினால், கிண்ணத்தோடு துரைசானி நின்றாள்.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

"இன்னொருக்க சொல்லுங்க" என்றேன்.

சொன்னாள்.

டம்ளரில் டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு, முதலில் வந்த குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன்.