உடைக்கக் கூடாத தேங்காய்

இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் தேங்காய் உடைக்கிறார்கள். புது மிஷின் வந்தால் ஒன்று, லாரி புறப்பட்டால் ஒன்று, வெள்ளிக்கிழமை ஷிப்ட் தொடங்கினால் ஒன்று. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆணி செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வாசலில் ஒரு காய் படாரென்று சிதறியதும் நான் "ஐயோ!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "இன்னாம்மா சரோஜா, தேங்கா ஒடச்சதுக்கா இப்டி அலர்றே?" என்று சிரித்தார் எங்கள் மேஸ்திரி முனுசாமி அண்ணன். அவருக்கு என்னவென்று சொல்வது? ரங்கூனில் எங்கள் வீட்டுத் தேங்காய் குடும்பத்தில் ஒரு ஆள் மாதிரி. இதைப் படிப்பவர்களில் என்னோடு கப்பலேறி வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பர்மாக்காரர்கள் வீட்டுத் தூணில் சிவப்புத் துணி சுற்றிய ஒரு முழுத் தேங்காயைக் கட்டி வைப்பார்கள். அதுதான் வீட்டைக் காக்கும் நாட்; நம் ஊர்க் காவல் தெய்வம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு காலத்தில் தீயில் வெந்து செத்த கொல்லனாம் அவன். தேங்காய்த் தண்ணீரின் குளிர்ச்சி அவன் எரிச்சலைத் தணிக்குமாம். தண்ணீர் வற்றினால் காயை மாற்றிவிடுவார்கள். என் அம்மா முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே அதையும் கட்டினாள். போதாதென்று தன் பங்குக்கு ஒரு வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டாள். வீட்டு ஆள் யாராவது வெளியூர் போயிருந்தால், காலையில் காயை இறக்கிக் காதோரம் ஆட்டுவாள். உள்ளே தண்ணீர் தளும்பினால் போனவர் சுகம் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் அடுப்புப் பற்றவைப்பாள். அக்கம்பக்கத்துப் பர்மியப் பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் ஆட்ட ஆரம்பித்தார்கள்.

அறுபதுகளில் பர்மா அரசாங்கம் எங்களைக் கிளம்பச் சொன்னபோது அண்ணன் மட்டும் வரவில்லை. அவன் கட்டியிருந்தது பர்மியப் பெண், அவளுக்கு அப்போது நிறைமாதம். கப்பல்துறையில் அம்மா அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை, "காயப் பாத்துக்கடா" என்பதுதான். இங்கே வந்து முகாமிலேயே அம்மா போய்விட்டாள். அண்ணனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. உயிரோடு இருக்கிறானா, குழந்தை என்ன குழந்தை, எதுவும் தெரியாது. இங்கே சர்க்காரில் எங்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயர். நான் பிறந்ததே அங்கே, எங்கே திரும்பினேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், கம்பெனியில் சிரமதானம் என்று அறிவித்தார்கள். மிஷின்களைக் கழற்றித் துடைக்கும் நாளில் எங்களுக்கு வேலையில்லை. அதனால் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்குப் போய் உடம்பால் உழைத்துவிட்டு வர வேண்டும். சிலர் பள்ளிக்கூடத்துக்கு மண் கொட்டப் போனார்கள். பேக்கிங் ஆட்களான எங்களுக்குப் பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு போகிற வழியில், ஆதரவற்ற முதியோர் விடுதிக்கு வெள்ளையடிக்கிற வேலை. லாரியில் சுண்ணாம்பு, மட்டை, புளிசோற்றுப் பொட்டலம் எல்லாம் ஏற்றிக்கொண்டு பாட்டும் கூத்துமாகத்தான் போனோம். விடுதி வாசலில் இறங்கியதும் சத்தம் தானாக அடங்கிவிட்டது. வேப்பமரத்தடியில் வயதானவர்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்து ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. எல்லா முகமும் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த ரூம்ல ஒரு கெய்வி கீது. வெளிய வராது," என்றாள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் தாயாரம்மா. "ஊமை. புத்தியும் சரியில்ல. அதும் புருசன் கூட்டியாந்து சேத்தாரு, அவரும் செத்துட்டாரு. காலீல தெனிக்கும் ஒரு தேங்காய ஆட்டிப் பாக்கும், அப்பாலதான் கஞ்சி குடிக்கும். அது குடிக்கிற வரிக்கும் இதுங்களும் குடிக்காதுங்க. இன்னா மாயமோ."

கையில் இருந்த வெள்ளையடிக்கிற மட்டையைக் கீழே போட்டேன். உள்ளே போனேன். ஓட்டுக் கூரை, நடுவில் மரத்தூண், தூணில் வெளுத்த சிவப்புத் துணியில் காய். கிழவியின் இரண்டு கன்னத்திலும் வெள்ளையாகத் தெரிந்ததைச் சுண்ணாம்பு தெறித்தது என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் கல்லும் விளாம்பட்டையும் இருந்தன. தனாக்கா! நம் பெண்கள் மஞ்சள் பூசுவது போல அங்கே முகத்துக்கு அரைத்துப் பூசுகிற அதே பூச்சு. ஊமையுமில்லை, பைத்தியமுமில்லை, அவள் பர்மாக்காரி. அவளிடம் பர்மியம் பேச ஓர் ஆள்கூட இந்த ஊரில் இத்தனை வருஷம் வரவில்லை, அவ்வளவுதான்.

"அமே," என்று கூப்பிட்டேன். அம்மா என்று பொருள். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "தாமதமாக வந்திருக்கிறாய், தமீ," என்றாள் பர்மியத்தில். தமீ என்றால் மகள். அவள் புருஷன் தமிழர், மகன் ரங்கூனிலேயே தங்கிவிட்டானாம். காயைக் கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாளாம். நகையைக் கொண்டுவர விடாதவர்கள் தேங்காயை எதற்குக் கேட்கப் போகிறார்கள்? பேசிக்கொண்டே அதை அவிழ்த்து என் காதில் வைத்து ஆட்டினாள். தண்ணீர் தளும்பியது. புதுக் காயில் கேட்பது போல நிறையத் தண்ணீர். "யே ஷிலா?" என்றாள். தண்ணீர் இருக்கிறதா? "ஷிதெ," இருக்கிறது, என்றேன். அதற்கப்புறம்தான் அவள் கஞ்சியைத் தொட்டாள். ஜன்னல் வழியே பார்த்தேன், மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் தட்டைக் கையில் எடுத்தார்கள். கப்பல் வந்து எத்தனை வருஷமாகிறது? எந்தக் காயில் அத்தனை காலம் தண்ணீர் நிற்கும்?

"யாராச்சும் காய மாத்துறீங்களா?" என்று தாயாரம்மாவைக் கேட்டேன். "அதத் தொட்டா கெய்வி கடிச்சிடும், யாரு மாத்துவாங்க?" என்றாள்.

சாயங்காலம் வேலை முடிகிற நேரம் நான் பின்பக்கம் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். கிழவியைக் குளிக்க வைக்கத் தாயாரம்மா கூட்டிப்போயிருந்தாள். முன்பக்கம், "திஷ்டி கழிச்சிட்டுக் கெளம்பலாம் வாங்கப்பா!" என்று முனுசாமி அண்ணன் குரல் கேட்டது. நாங்கள் தேங்காய் எதுவும் வாங்கி வரவில்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஓடினேன். சேலை தடுக்கியது. நான் வாசலுக்கு வருவதற்கும் அவர் கையை ஓங்கி இறக்குவதற்கும் சரியாக இருந்தது.

"அத ஏன்ணா எடுத்தீங்க?"

"பழைய திஷ்டிக் காயிம்மா. வெள்ளையடிச்ச ஊட்ல அத வச்சிருக்கக் கூடாது," என்றார். இந்தப் பக்கத்து வழக்கப்படி அவர் செய்தது நல்ல காரியம். அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. காய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. பருப்பு கறுத்துச் சுருங்கி, தொட்டால் தூளாகிற மாதிரி இருந்தது. காலையில் என் காதால் கேட்ட தண்ணீர் எங்கே போனது?

ஈரத்தலையோடு கிழவி வந்து நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. சிதறிய ஓட்டைப் பார்க்கவுமில்லை. என் முகத்தை மட்டும் பார்த்து, "உடைந்தபோது யே ஷிலா?" என்று கேட்டாள். அவள் கேட்டது தேங்காயைப் பற்றி அல்ல, தன் மகனைப் பற்றி. மரத்தடியில் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. "ஷிதெ," என்றேன். "நிறைய இருந்தது. மண்ணில் ஓடிவிட்டது." மண் காய்ந்து கிடந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. கிழவி மெதுவாகக் குனிந்து, காய் விழுந்த இடத்தில் உள்ளங்கையைப் பதித்தாள். நிமிர்ந்து என்னிடம் காட்டினாள். கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அவள் தலையிலிருந்து வடிந்த ஈரமாக இருக்கும் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்போது அப்படி நினைக்கத் தோன்றவில்லை.

முனுசாமி அண்ணன் என்ன விஷயம் என்று கேட்டார். விவரத்தைச் சொன்னதும், "எனக்கு இன்னாம்மா தெரியும், தப்பாப் பூட்ச்சே," என்று பதறி, விடுதித் தோப்பில் ஒரு பையனை மரமேறச் சொல்லிக் காம்போடு ஒரு காய் பறித்துக் கொடுத்தார். அந்தப் பழைய சிவப்புத் துணியிலேயே சுற்றித் தூணில் கட்டப் போனேன். கிழவி தடுத்தாள். "எனக்கு இனி வேண்டாம். என் மகன் வந்துகொண்டிருக்கிறான்," என்றாள். காயை என் மடியில் வைத்து அழுத்தினாள். "இது உன் அண்ணனுக்கு." அண்ணன் என்ற பேச்சையே நான் அவளிடம் எடுக்கவில்லை. லாரி திரும்பும்போது யாரும் பாடவில்லை.

அடுத்த மாதம் அவள் இறந்துபோனதாகத் தாயாரம்மா சொல்லியனுப்பினாள். தூக்கத்திலேயே, சிரித்த முகத்தோடு போனாளாம். மகன் வந்தானா, அவள் சொன்ன வரவு எந்த வரவு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தைரியமில்லை.

அந்தக் காய் இப்போது என் வீட்டுத் தூணில் இருக்கிறது. பழவேற்காட்டுப் பக்கத்து மரம், பழவேற்காட்டு மண், பழவேற்காட்டுத் தண்ணீர். ரங்கூனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. மழைக்காலங்கள் வந்து போய்விட்டன, அது வற்றவில்லை. "மாத்துடி, நாறப்போவுது" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மாற்ற மாட்டேன். வற்றினால் அண்ணன் இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் நான் முழுசாக இந்த ஊர்க்காரிதான். காலையில் கம்பெனிச் சங்கு ஊதும்போது காயை இறக்குகிறேன். ஒரு காதில் சங்கு, வா வா என்கிறது. இன்னொரு காதில் தண்ணீர். அடுப்பைப் பற்றவைக்கிறேன்.