வருமுங்க, ஆனா மாட்டேன்

கரும்பலகையின் வலது ஓரத்தில் சாக்கட்டியை ஊன்றி, ஒரே இழுப்பில் வட்டம் போடுகிறார் சௌந்திரம் டீச்சர். தோளிலிருந்து கை சுழல்கிறது, மணிக்கட்டு அசைவதில்லை. புறப்பட்ட இடத்திலேயே கோடு வந்து முட்டுகிறது. அதைச் சற்று முறைத்துப் பார்த்துவிட்டு ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார். பிறகு இன்னொரு வட்டம். காலை மணி அடிப்பதற்கு முன்னால் தினமும் இதுதான் நடக்கும். "கை எந்திரிக்கோணுமல்லங்க? சோம்பேறிக் கை. தட்டித்தான் எழுப்போணும்" என்பார். அவர் தட்டி எழுப்புவது இடது கையை.

நாமக்கல்லில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் என் தமிழ் வகுப்புக்கு அடுத்தது அவருடைய சித்திர வகுப்பு. நடுவில் இருப்பது வெறும் மூங்கில் தட்டி. அதனால் அவர் பேசுவதெல்லாம் என் மாணவிகளுக்கும் பாடம்தான். நான் செய்யுளுக்குப் பதம் பிரித்துக்கொண்டிருப்பேன், தட்டிக்கு அப்பாலிருந்து, "கத்திரிக்காயப் பாரு கண்ணு. உன்ற மனசுல இருக்கற கத்திரிக்காய வரையாத, அது வேற, இது வேற" என்று வந்து விழும். "அழுத்திப் போடு சாமி, தாளுக்கு வலிக்காது" என்று இன்னொன்று. என் வகுப்பு சிரிக்கும். நானும்தான்.

குள்ளமான உருவம். இளம்பிள்ளைத் தறியில் நெய்த நூல் சேலை, முன்கையில் சாக்குத் தூள். கண்ணாடி வளையல்கள் வலது கையில் மட்டுந்தான். இடது கையில் போட்டால் பலகையில் இடிக்கிறதாம். சுமங்கலி ஒரு கையை மூளியாக வைத்திருக்கலாமா என்று ஒரு மாணவியின் தாயார் வகுப்பு வாசலிலேயே நின்று கேட்டுவிட்டார். டீச்சர் அசரவில்லை. "என்ற ஊட்டுக்காரரு முழுசாத்தான் இருக்காருங்க. சந்தேகமின்னா பஸ் ஸ்டாண்டுல போய்ப் பாத்துக்கோங்க" என்றார். கணவர் கண்ணுசாமி, சேலம் போகிற பஸ்ஸுக்கு டிரைவர்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் பண்ணயம் பார்க்கிற ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் தகப்பனார் காளியப்பன் மகளின் இடது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் பிரம்பு அந்தக் கையின் விரல் மொளியைத் தேடி வந்து விழும். இரண்டும் சேர்ந்து வலது கைக்குச் சோறு தின்னவும் எழுதவும் கற்றுக்கொடுத்தன. இடது கை யாரும் பார்க்காத இடத்துக்குப் போயிற்று. தோட்டத்துச் சாளைக் குடிசையின் சுவரில் அடுப்புக்கரியால் மாடு வரைந்தது. காளியப்பன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். கொம்பின் வளைவைக் கண்டதுமே தம்முடைய மயிலைக் காளைதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வெகுநேரம் நின்று பார்த்தாராம். "'மாடு நல்லாத்தான் இருக்குது, கைதான் சரியில்லை'ன்னாரு எங்கய்யன். அப்புறமேலு சுண்ணாம்பக் கொண்டாந்து அடிச்சுட்டாருங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் கோபம் முழுதாக அடங்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு, கணவர் கொடுத்த தைரியத்தில் சித்திரத்தில் லோயர் கிரேடு பரீட்சை தேறி எங்கள் பள்ளிக்கு வந்தார். ஆனால் தற்காலிக வேலை. நிரந்தரமாக வேண்டுமானால் ஹையர் கிரேடும் தேறி, அதற்கு மேல் ஒரு வருஷம் ஆசிரியப் பயிற்சியும் முடிக்க வேண்டும். ஹையர் கிரேடில் சிரமம் இருக்கவில்லை. தாளைத் திருத்துகிறவருக்கு எந்தக் கை என்று எங்கே தெரியும்? பயிற்சிக்குச் சேலம் போனார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் நாத்தனார் வீட்டில் தங்கி, ஒரு பயிற்சிப் பள்ளிக்குத் தினமும் நடந்து போய்வந்தார். வருஷக் கடைசியில் பரீட்சாதிகாரியின் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டவேண்டும். வினை அங்கேதான் வந்தது.

மேஜைமேல் ஒரு செம்பை வைத்து, பெண்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பலகையில் அதை வரைந்தார். பாதியில் பரீட்சாதிகாரி எழுந்துவிட்டார்.

"அம்மா, வலது கையால போடுங்க."

"ஏனுங்க, செம்பு கோணலா இருக்குதுங்களா?"

"செம்பு சரியாத்தான் இருக்கு. பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தான் பழகும். பீச்சாங்கையால பாடம் நடத்தறது அழகில்லை."

"அதுக பாத்துப் பழகறது படத்தைங்க. என்ற கையை இல்லீங்க."

சொல்லிவிட்டு, செம்பின் மறுபாதியையும் இடது கையாலேயே போட்டு முடித்தார். அந்த வருஷம் தேறியவர்களில் அவர் பெயர் இல்லை.

திரும்பி வந்தவரைத் தலைமையாசிரியை கூப்பிட்டு உட்கார வைத்து, நயமாகத்தான் சொன்னார்: "அரை மணி நேரம்தானே சௌந்திரம்? அடுத்த தடவை பரீட்சாதிகாரி கண்ணெதிரே வலது கையால் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் ஆயுசு முழுக்க உங்கள் இஷ்டம்." நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தக் கையால் வராதோ என்னவோ என்று நான் இரக்கப்பட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் எழுந்து போய் வலது கையில் சாக்கட்டியை எடுத்தார். பலகையில் செம்பு வந்தது. கழுத்து, வயிறு, அடி, விளிம்பில் விழுகிற வெளிச்சம், எல்லாம் பிசகாமல் வந்தன.

"பாத்தீங்களா? வருமுங்க. ஆனா மாட்டேன்."

"ஏன்?" என்றார் தலைமையாசிரியை.

"இது பயந்து படிச்ச கைங்க. பிரம்புக்குப் பயந்து எழுத்துப் படிச்சுது, எங்கய்யனுக்குப் பயந்து சோறு திங்கப் படிச்சுது. பயந்து படிச்ச கையை வெச்சுக்கிட்டுப் புள்ளைகளுக்கு என்னத்தைங்க சொல்லிக் குடுக்கறது?"

ஆனால் சட்டம் சட்டம்தானே. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவருக்கு வேலை இல்லை. தையல் ஆசிரியையே சித்திரத்தையும் பார்த்துக்கொண்டார். என் வகுப்பில் தட்டிக்கு அப்பாலிருந்து எதுவும் வந்து விழவில்லை.

டீச்சர் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வண்டிகளுக்குப் போர்டு எழுத ஆரம்பித்தார். நாமக்கல்லில் ஒரு பெண்பிள்ளை முக்காலிமேல் ஏறி நின்று, பட்டப்பகலில், பஸ் நெற்றியில் 'ராசிபுரம்' என்று எழுதுவதை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. அதுவும் இடது கையால். கூட்டம் கூடியது. பீச்சாங்கை பட்ட வண்டி குடைசாயும் என்று எவனோ கிளப்பிவிட்டான். வண்டி முதலாளி கைலாசம் கலங்கிப்போய், "ஏம்மா, அந்தக் கையிலதான் எழுதோணுமா?" என்றார்.

முக்காலியிலிருந்து இறங்காமலே பதில் வந்தது: "இதுவரைக்கும் குடைசாஞ்ச வண்டிக்கெல்லாம் போர்டு எழுதினவன் எந்தக் கைன்னு விசாரிச்சுக்கிட்டு வாங்க. அதுக்குள்ள நான் முடிச்சுடறேன்."

கூட்டம் சிரித்தது. ஆனாலும் வண்டியில் ஏற யாரும் துணியவில்லை. கண்ணுசாமி பேசாமல் தம் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, ராசிபுரத்துக்குக் காலியாகவே ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது வண்டி நிறைய ஆள் இருந்தது.

மறுவருஷம் மறுபடியும் பரீட்சை. சேலம் போகிற வழியெல்லாம் டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, பரீட்சாதிகாரி இப்படிக் கேட்டால் அப்படி, அப்படிக் கேட்டால் இப்படி என்று பதில்களை உருப்போட்டுக்கொண்டே போயிருக்கிறார். "வண்டி ஓட்டற என்னையவே அந்தாளா நெனச்சு ஆத்தூர் ரோட்டு முக்கு வரைக்கும் சண்டை போட்டுச்சுங்க" என்கிறார் கண்ணுசாமி.

போய்ப் பார்த்தால் அந்த ஆள் இல்லை. புதிதாக ஒருவர், வயதானவர், ஜலதோஷக்காரர். டீச்சர் இடது கையால் மண்பானை வரைந்தார். பெரியவர் பானையைப் பார்த்தார். வகுப்புப் பெண்கள் வரைந்த தாள்களைப் பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நல்லது அம்மா, திருப்தி. அடுத்தவரை வரச் சொல்லுங்கள்" என்றார். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வாசலில் காத்திருந்த மற்ற ஆசிரியைகள் 'வந்துவிடு, வந்துவிடு' என்று சைகை காட்டினார்கள். டீச்சர் நகரவில்லை.

"ஐயா, நான் இடது கையில போட்டேனுங்க. பாத்தீங்களா?"

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கவனிக்கவில்லையே அம்மா."

"போன வருசம் அதுக்குத்தானுங்க என்னைத் தோக்கடிச்சாங்க. தெரியாமப் பாஸ் போட்டுட்டீங்கன்னு ஆகக்கூடாது. மறுக்காப் போடறேன். பாத்துட்டு எழுதிக்கோங்க."

பலகையைத் துடைத்துவிட்டு அதே பானையை மறுபடி போட்டார். இந்தத் தடவை பெரியவர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்து, கை போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "எழுதிக்கொள்கிறேன்" என்றார். அவ்வளவுதான். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

வெளியே நின்ற கண்ணுசாமிக்கு அப்புறந்தான் விஷயம் தெரிந்தது. "கெணத்துல இருந்து மேல ஏறி வந்தவ, கவுறு கெட்டியாத்தான் இருக்குதான்னு பாக்க மறுக்காக் குதிச்ச மாதிரி இருந்துச்சுங்க" என்று இன்றைக்கும் சொல்லி அங்கலாய்க்கிறார். டீச்சர் அப்போது சொன்ன பதில் ஒன்றே ஒன்று: "அவருக்குத் தெரியாம எனக்குக் கெடைச்சா அது களவாண்டதுங்க."

கோடை முழுவதும் ஒரு சேதியும் வரவில்லை. அவரும் போர்டு எழுதுவதை நிறுத்தவில்லை. கடைசியில் கெஜட்டில் பெயர் வந்தபோது, பெயிண்ட் டப்பாவும் கையுமாக நின்றவரிடம் ஓடிப்போய்ச் சொன்னது நான்தான். முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "பாத்துட்டுத்தான் போட்டிருக்காரு" என்றார், தமக்குத்தாமே.

இப்போது அவர் எங்கள் பள்ளியில் நிரந்தரம். எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பெரிய நிலக்காரரான ஒரு மிட்டாதார் தம் பேத்தியைப் பள்ளியைவிட்டே நிறுத்திக்கொண்டார். தகப்பனார் காளியப்பன், மகள் வீட்டுக்கு வந்தால் இன்னமும் அவர் கையைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறார். சித்திர வகுப்பில் இடது கையால் வரைகிற பெண்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு டீச்சர் தனிச் சலுகை எதுவும் காட்டுவதில்லை. "கோடு நடுங்குது பாரு, எந்தக் கையா இருந்தா என்ன" என்று அதட்டுகிறார். மெட்ராஸுக்குப் போய் வர்ணச் சித்திரம் படிக்க வேண்டும் என்பது அடுத்த யோசனை. லீவு கேட்டிருக்கிறார். கொடுக்க மாட்டார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். "கேட்டுக்கிட்டே இருப்பேனுங்க" என்கிறார் அவர்.

போன வாரம் பள்ளி ஆண்டுவிழாவுக்காகச் சேலத்திலிருந்து போட்டோக்காரர் வந்தார். ஆசிரியைகளை முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்த்தி, எல்லாரும் கைகளை மடியில் வைத்து வலது கை மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் லட்சணம் என்றார். எல்லாரும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். சௌந்திரம் டீச்சரின் மடியில் இடது கை மேலே இருந்தது. போட்டோக்காரர் வந்து, "இப்படி அம்மா" என்று பணிவாகச் சொன்னார். டீச்சர் மறுப்பில்லாமல் வலது கையை மேலே வைத்துக்கொண்டார். போட்டோக்காரர் திரும்பிப் போனார், கறுப்புத் துணிக்குள்ளிருந்து கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்தார், "யாரும் அசையக்கூடாது" என்று சொல்லிப் படம் எடுக்கக் காமிராவின் மூடியில் கை வைத்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த என் வளையல்கூட அசையவில்லை. டீச்சர் இடது கையை மெல்ல உருவி மேலே வைத்து, விரல்களை நன்றாக விரித்துக்கொண்டார்.