ஒக்தாவ் திருப்பிக் கொடுக்கும் புள்ளி

பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்துவிட்டு, ஒக்தாவ் லாஃபர்க் தோளைக் குலுக்கிக்கொள்கிறார். எதிராளி அடித்துக் கோட்டுக்குள் விழுந்த பந்தைக் கோட்டு நடுவர் சற்றுமுன் 'வெளியே' என்றுவிட்டார். அப்படி ஓசியில் வந்த புள்ளியை அடுத்த பந்திலேயே திருப்பிக் கொடுப்பது பிரான்ஸின் கான் நகர டென்னிஸ் மன்றத்தில் கனவான்களின் வழக்கம். குடை பிடித்த சீமாட்டிகள் கைதட்டுகிறார்கள்.

மனைவி மர்த் மட்டும் தட்டுவதில்லை. "நாப்பதுக்கு சைபர்னு முன்னாடி நிக்கறப்ப எந்த மகராசனும் குடுப்பான். இழுபறியில இவர் குடுத்து நான் பாத்ததே இல்ல" என்பாள் பக்கத்து நாற்காலிக்காரியிடம்.

ஒக்தாவுக்குக் கையுறைக் கடை உண்டு, மைத்துனன் பார்த்துக்கொள்கிறான். குளிர்காலத்தில் கான், வசந்தத்தில் பாரிஸ், கோடையில் ஏதாவதொரு கடற்கரை. செட்டுக்கு ஒரு மிடறு கொன்யாக் பிராந்தி. "பச்சத்தண்ணி குடிச்சா கால் கனக்கும்" என்பது அவருடைய வைத்தியம். பத்திரிகைகள் அவரைக் 'கனவான்' என்று எழுதிச் சலிப்பதில்லை. 'வென்றவர்' என்று எழுதத்தான் வாய்க்கவில்லை. இறுதியாட்டம் வரை வந்து தோற்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இந்த மார்ச்சிலும் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டார். முழங்காலில் கட்டு, இதோடு போதும் என்று மருத்துவர் சொல்லியாயிற்று. எதிரே லியோன்காரன் ஃபெர்னான், பாதி வயது.

"முசே, மெதுவா ஓடுங்க. செந்தூள் பறந்து கண்ணுல விழுது."

"கண்ணுல விழுறது தூள் இல்லடா தம்பி, பயம்."

கடைசி செட்டில் ஒக்தாவ் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை அவருக்கு. ஃபெர்னான் ஓங்கி அடித்த பந்து அவர் காலடியில், கோட்டுக்குள் விழுந்து, செந்தரையில் பளிச்சென்று தடம் பதித்துவிட்டுப் போனது.

"வெளியே!" என்றார் கோட்டு நடுவர். ஆட்டம் முடிந்தது. திருப்பிக் கொடுக்க அடுத்த பந்து என்று ஒன்று இல்லை. கனவான் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

யாரும் கைதட்டவில்லை. ஃபெர்னான் வலையருகே வந்து நின்றான். "முசே, நீங்களே சொல்லுங்க. உள்ளதானே விழுந்துச்சு? தடம் இருக்கு பாருங்க."

மர்த் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

ஒக்தாவ் தடத்தைப் பார்த்தார். பிறகு சீமாட்டிகள் பக்கம் திரும்பி, கையை நெஞ்சில் வைத்து, இடுப்பு வளைய வணங்கினார். வணங்கும்போது, முறைப்படி, வலது காலைப் பின்னுக்கு இழுத்தார், தடத்தின் மேலாக, மெதுவாக.