நீவக் கூடாத கால்

இடது கெண்டைக்கால் முதலில் வலிக்கவில்லை. பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. நான் பொருட்படுத்தவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். திருநகரில் ஆறு கம்ப்யூட்டர்களோடு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அடடா, என்ன நாட்கள் அவை! போன் லைனில் கீச்சிட்டுக்கொண்டுதான் இணையம் வரும். துபாயிலிருக்கும் பிள்ளைக்கு மெயில் அனுப்ப அம்மாக்கள் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். பரீட்சை ரிசல்ட் அன்று வாசல்வரை கூட்டம். "அண்ணே, என் நம்பரப் பாருண்ணே!" சாப்பாடுகூட நாற்காலியில்தான். ஒருகாலத்தில் தினமும் திருப்பரங்குன்றம்வரை சைக்கிள் மிதித்தவன் நான்.

கால் வீங்கியதும் என் மனைவி செல்வி, "சுளுக்குத்தான், காட்டுங்க" என்றாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. செல்வி பெற்றது இரட்டை. தெருவே அவளிடம்தான் வரும். மூன்று நாள் நல்லெண்ணெய் போட்டு நீவினாள். நானும் சுகமாக நீட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் கால் சிவந்து தூண்போல ஆகிவிட்டது.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, டீப் வெயின் த்ராம்போசிஸ் (காலின் ஆழத்திலுள்ள இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பது) என்றார்.

"ஒரே இடத்துல எம்புட்டு நேரம் உக்காருவீங்க?"

"பதினாலு மணி நேரம், டாக்டர்."

"கால யாரும் நீவி விட்டீங்களா?"

செல்வி தலையாட்டினாள்.

"இனி நீவவே கூடாதும்மா. உறைஞ்ச ரத்தக் கட்டி நகந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வி உடைந்து அழுதாள். "என் கையாலயே உங்களக் கொல்லப் பாத்தேனே!"

"அட, என்னய நாற்காலில உக்காரச் சொன்னது நீயா?" என்றேன். எனக்கும் பயம்தான். பிள்ளைகளுக்கு ஏழு வயது.

முதலில் ஊசி, பிறகு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. டாக்டரம்மா சொன்னபடி காலையில் கண்மாய்க்கரைவரை நடந்தேன். செல்வி பின்னாலேயே வருவாள்.

"மூச்சு வாங்குதா?"

"வாங்கலேன்னாத்தான்டி நீ பயப்படணும்."

அவள் சிரிக்கவே மாட்டாள்.

இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு ஒன்று சொல்வேன். அப்போதெல்லாம் திரை முன்னால் நேரம் போவதே தெரியாது. இப்போது ஒரு மணி நேரமானால் கால் சொல்லிவிடுகிறது, எழுந்திரு என்று. அதன் பேச்சைக் கேட்கிறேன்.

அந்த ஸ்கேனுக்குப் பின் செல்வி யாருக்கும் சுளுக்கு நீவவில்லை. என் காலைத் தொடவே பயந்தாள். டாக்டரம்மா மாத்திரையை நிறுத்திய அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கெண்டைக்காலில் உள்ளங்கையை மெல்ல வைத்தாள். நீவவில்லை, வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

"ரொம்ப நேரமாச்சு, எந்திரிச்சு நடங்க" என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.