நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

என் கணவரின் உடலை வாங்கப் போன நாளில் நான் இரண்டு அருங்காட்சியகங்களைச் சுற்றிப் பார்த்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் லாரி ஓட்டினார். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு விசாகப்பட்டினம் போனவர், சரக்கை இறக்கிவிட்டு ரிட்டன் லோடுக்குக் காத்திருந்தபோது நெஞ்சு வலித்து இறந்துபோனார். மகளைப் பரமத்தி வேலூரில் மாமியாரிடம் விட்டுவிட்டு, நானும் என் அண்ணனும் ரயிலேறினோம்.

போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. ஆஸ்பத்திரியில் முகத்தை மட்டும் காட்டினார்கள். நான்கு நாள் தாடி இருந்தது. அவர்தான் என்று கையெழுத்துப் போட்டேன். டாக்டர் மதியத்துக்கு மேல்தான் வருவார், உடல் கிடைக்க ஐந்து மணியாகும் என்றார்கள். எங்களுக்குத் துணையாக நின்றவர் அந்த ஊரில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் திருச்செங்கோட்டுக்காரர்.

“இங்கயே உக்காந்துட்டு இருந்தா ஆவாதுங்க. உங்க தங்கச்சி மயங்கி உழுந்துருவாங்க. பீச்சுப் பக்கம் கூட்டிட்டுப் போறனுங்க” என்றார் அண்ணனிடம்.

அண்ணன் என்னைப் பார்த்தார். “போலாமா, அம்மிணி?”

“போலாங்ணா.”

கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். கரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலை ஏற்றி நிறுத்தி அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். உள்ளே வெயில் தெரியாது என்று சொல்லி, எங்களுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு, திருச்செங்கோட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்யப் போனார்.

விடுமுறைக் கூட்டத்தோடு நானும் குனிந்து குனிந்து நடந்தேன். சுவரெல்லாம் குழாயும் சக்கரமும். எழுதி வைத்திருந்ததை ஒன்றுவிடாமல் படித்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை, ஆனாலும் படித்தேன். ஓரிடத்தில் சுவரோடு ஒட்டிய படுக்கையில் மாலுமி பொம்மை ஒன்றைப் போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். போர்வைக்கு வெளியே பாதம் தெரிந்தது. பின்னால் வந்தவர்கள் தள்ளும்வரை அங்கேயே நின்றேன்.

விளக்கம் சொல்லிக்கொண்டு வந்த வயதானவர் கடற்படையில் இருந்தவராம். நாங்கள் பேசியதைக் கேட்டு, அரைகுறைத் தமிழில் சிரித்தபடி விசாரித்தார். “சேலமா? ரொம்ப தூரம். சார் வரலையா அம்மா?”

“வேலையா இருக்காருங்க” என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்தது. அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். வெளியே வந்தோம்.

அப்போதும் மணி பன்னிரண்டரைதான். பக்கத்தில் பழைய மாளிகை ஒன்றில் கப்பல் பொம்மைகளும், அந்தக் காலத்துக் கடல் வரைபடங்களும் வைத்திருந்தார்கள். தெரியாத கரையைத் தேடிப் போனவர்கள், பாதி வரைந்து விட்டுவிட்ட கோடுகள். மின்விசிறிக்குக் கீழே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தேன். பசித்தது. பசிக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. அண்ணன் வெளியே போய் இட்லி பார்சல் வாங்கி வந்தார். வாசல் மரத்தடியில் நான்கும் தின்றேன்.

“இன்னும் ரெண்டு வாங்கியாரட்டுமா?”

“போதுங்ணா.”

அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கி அழ ஆரம்பித்தார். அவரும் என் கணவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

சொன்னபடி ஐந்து மணிக்கு உடலைக் கொடுத்தார்கள். மறுநாள் ஊர் வந்து, காவிரிக்கரையில் எரித்தோம். ஊரே அழுதது. நான் அழாததைச் சிலர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

பதினைந்தாம் நாள் மகள் கேட்டாள், “அந்த ஊர்ல பகல் பூரா என்னம்மா பண்ணுனீங்க?”

“ஆஸ்பத்திரில உக்காந்திருந்தோம், சாமி.”

அடுப்படியிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த அண்ணன், “ஆமா, அங்கயேதான் இருந்தோம்” என்றார்.